தலைகீழாக ஓடிய வில்லுப்பாட்டு: ஒரு பழைய எக்ஸ்பி கணினியைச் சரிசெய்த பதிவு

பழைய விண்டோஸ் கணினியில் வீடியோ ஓடவில்லை என்றால் எல்லாரும் முதலில் தேடுவது கோடெக் பேக், அதாவது வீடியோ வகைகளைத் திறக்கும் சிறு நிரல்களின் தொகுப்பு. ஒன்றைப் போட்டு ஓடவில்லையா, இன்னொன்று. அதிலும் ஓடவில்லையா, யாரோ பென் டிரைவில் கொண்டுவந்த மூன்றாவது. வருடக்கணக்கில் இப்படிப் போட்டுப் போட்டே குழம்பிப்போன ஒரு கணினியைச் சரிசெய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தக் கணினி புதிதாக எதையும் சேர்த்துச் சரியாகவில்லை. தேவையில்லாததை எடுக்க எடுக்கத்தான் சரியானது.

கணினி இருப்பது திங்கள்சந்தைப் பக்கம் ஒரு வீடியோ ஸ்டுடியோவில். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் ஒரு காலத்தில் கேமராவோடு நின்றவர் அந்த ஸ்டுடியோவை நடத்தும் அண்ணாச்சி. இப்போது பாஸ்போர்ட் போட்டோவும் லேமினேஷனும்தான் கடையில் ஓடுகின்றன. பென்டியம் 4, 1 ஜிபி ராம், எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3, 80 ஜிபி ஐடிஇ ஹார்டு டிஸ்க், விஎச்எஸ் கேசட்டிலிருந்து வீடியோ ஏற்றுவதற்கு ஒரு கேப்சர் கார்டு. இவ்வளவுதான் அந்தக் கணினி. ஆனால் அதற்குள்ளும் பக்கத்து அலமாரியில் அடுக்கிய சீடிகளிலும் இருப்பது சாதாரணமானதல்ல. சுடலைமாடன் கோயில், இசக்கியம்மன் கோயில் கொடைகளில் விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டு, களியல் எல்லாம் அதில் இருக்கின்றன. அதில் பாடுகிற பல புலவர்கள் இன்று இல்லை. அவர்களிடம் குடமடித்தவர்களும் பின்பாட்டுப் பாடியவர்களும் இப்போது சொந்தக் குழு நடத்துகிறார்கள். பழைய பாட்டு வேண்டும், கதையின் வரிகளைச் சரிபார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டபோதுதான் அண்ணாச்சி கணினியைத் தூசி தட்டி எடுத்தார்.

அவர் சொன்ன புகார் இது: "மக்கா, சில படம் தலகீழா ஓடுது. சிலதுல படமே இல்ல, சத்தம் மட்டும் கேக்கு. சீடி போட்டா விக்கி விக்கி நிக்குது கேட்டியா. எல்லாம் முன்ன நல்லா ஓடுனதுதான்."

கடைசி வாக்கியம்தான் எனக்குப் பெரிய துப்பு. முன்பு ஓடியது என்றால் அதற்குத் தேவையான டீகோடர், அதாவது சுருக்கிய வீடியோவைப் பிரித்துப் படமாக்கும் நிரல், அந்தக் கணினியில் இருந்திருக்கிறது. பிறகு வந்து சேர்ந்த ஏதோ ஒன்றுதான் நடுவில் புகுந்திருக்கிறது.

எதையும் தொடுவதற்கு முன்பு ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ-யூஎஸ்பி அடாப்டர் வழியாக என் லினக்ஸ் மடிக்கணினியில் இணைத்து, டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு முழு டிஸ்க்கையும் அப்படியே ஓர் இமேஜ் கோப்பாக எடுத்துக்கொண்டேன். இந்தப் படியைத் தயவுசெய்து யாரும் தாண்டிப் போகாதீர்கள். பழைய டிஸ்க் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பழுது பார்க்கிறேன் என்று எக்ஸ்பியைக் கலைத்துவிட்டால் கேப்சர் கார்டின் டிரைவரோடு சேர்ந்து எல்லாம் போய்விடும். அந்த டிரைவர் சீடி எங்கே என்று அண்ணாச்சிக்கே தெரியாது.

கேபினெட்டைத் திறந்தபோது பிராசசர் விசிறியில் தூசி கம்பளமாகப் படிந்திருந்தது. கடல் பக்கம் என்பதால் திருகுகளில் துரு. 2000-களின் தொடக்கத்தில் வந்த மதர்போர்டுகளில் கபாசிட்டர் தலை உப்பி வெடிப்பது பரவலாக இருந்த கோளாறு. இதில் நல்லவேளையாக எல்லாம் தட்டையாகவே இருந்தன. பயாஸ் பேட்டரி செத்துப்போய் ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போய் நின்றது. சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டேன். தூசியைத் துடைத்து, பிராசசருக்குப் புதுப் பேஸ்ட் தடவி, ராமைக் கழற்றி மாட்டினேன். இணையக் கேபிளைச் செருகவில்லை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்துவிட்டது. அதை வலையில் விடுவதும் சரியில்லை; அதிலுள்ள பழைய பிரவுசரில் இன்றைய தளங்கள் பெரும்பாலும் திறப்பதும் இல்லை. வேண்டியதை வேறு கணினியில் இறக்கி, வைரஸ் சோதித்து, பென் டிரைவில் கொண்டுபோவதே வழி.

முதல் சோதனை விஎல்சி என்ற இலவச பிளேயர். விஎல்சி 3 இன்றும் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-இல் ஓடும். அது விண்டோஸில் பதிந்திருக்கும் டீகோடர்களை நம்பியிருக்கவில்லை. தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவருகிறது. அதனால் ஒரு கோப்பு விண்டோஸ் மீடியா பிளேயரில் ஓடாமல் விஎல்சியில் நன்றாக ஓடினால் கோப்பில் குறையில்லை, கணினியின் ஃபில்டர்களில்தான் (வீடியோவைத் திறக்க விண்டோஸ் கோக்கும் சிறு நிரல்களில்தான்) குறை என்று முடிவுகட்டலாம். இங்கே அப்படித்தான் நடந்தது. தலைகீழாக ஓடிய வில்லுப்பாட்டு விஎல்சியில் நேராக ஓடியது.

அப்படியானால் விஎல்சியையே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். பார்ப்பதற்கு மட்டும் என்றால் சரிதான். ஆனால் அண்ணாச்சிக்கு அதே கணினியில் தன் பழைய எடிட்டிங் மென்பொருளில் கோப்பைத் திறந்து வெட்ட வேண்டும், டிவிடியில் எழுத வேண்டும். அவருக்குக் கை பழகிய மென்பொருள் அது. அது விண்டோஸின் ஃபில்டர்களைக் கொண்டுதான் படத்தைத் திறக்கிறது. அங்கே தலைகீழ் என்றால் வெட்டி எழுதுகிற டிவிடியும் தலைகீழ்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்பி காலத்து விண்டோஸில் வீடியோ ஓட்டுகிற ஏற்பாட்டுக்கு டைரக்ட்ஷோ என்று பெயர். அதில் ஒரே நிரல் எல்லாவற்றையும் செய்வதில்லை. நம் பக்கம் கயிறு திரிக்கும் இடத்தில் ஒருவர் சகிரியை (தேங்காய் நாரை) பிரித்துக் கொடுக்க, இன்னொருவர் ராட்டைச் சுற்ற, வேறொருவர் இழையை முறுக்கிப் பின்னால் நடப்பாரே, அதுபோல வேலை கைமாறிக் கைமாறிப் போகிறது. முதல் ஃபில்டர் டிஸ்க்கிலிருந்து கோப்பைப் படிக்கிறது. அடுத்தது ஸ்ப்ளிட்டர், ஏவிஐ, எம்பெக் போன்ற பொதிக்குள் கலந்து கிடக்கும் படத்தையும் ஒலியையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. பிறகு படத்துக்கு ஒரு டீகோடர், ஒலிக்கு ஒரு டீகோடர். கடைசியில் திரையில் காட்டுவதற்கு ஒரு ரெண்டரர், ஸ்பீக்கருக்கு ஒரு ரெண்டரர். இந்தத் தொடர் முழுவதையும் ஃபில்டர் கிராஃப் என்கிறார்கள்.

ஒரே வேலைக்கு ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றால் யாரை எடுப்பது? அதற்குத்தான் மெரிட் என்று ஓர் எண். ஒவ்வொரு ஃபில்டரும் கணினியில் பதியும்போது தன் மெரிட்டையும் சேர்த்துப் பதிகிறது. ஹெக்ஸ் கணக்கில் 600000 என்றால் இயல்பானது, 800000 என்றால் முன்னுரிமை உள்ளது, 200000 என்றால் தானாக எடுத்துக்கொள்ளாதே என்று பொருள். விண்டோஸ் பெரிய எண்ணிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும். எது முதலில் 'நான் செய்கிறேன்' என்று ஒப்புக்கொள்கிறதோ அதற்கே வேலை. நன்றாகச் செய்யுமா என்று விண்டோஸ் பார்ப்பதில்லை. சிக்கலின் வேர் முழுக்க இங்கேதான் இருக்கிறது. எண்ணை எவ்வளவு வைத்துக்கொள்வது என்பது ஃபில்டரை எழுதியவரின் விருப்பம். ஆளாளுக்குப் பெரிய எண்ணாக வைத்துக்கொண்டார்கள்.

இந்த வரிசையைப் பார்க்க எதையும் இறக்க வேண்டாம். ரன் பெட்டியில் டிஎக்ஸ்டயாக் என்று கொடுத்து, எல்லாத் தகவலையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்தால் போதும். அதன் கடைசிப் பகுதியில் டைரக்ட்ஷோ ஃபில்டர்கள் என்ற தலைப்பின் கீழ் ஒவ்வொன்றின் பெயர், மெரிட் எண், கோப்பின் பெயர் எல்லாம் வரிசையாக வந்துவிடும். அதை அச்செடுத்து மேசையில் விரித்து வைத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். எம்பெக்-4 படத்துக்கு மட்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக டீகோடர்கள். எம்பெக்-2-க்கு இரண்டு டிவிடி மென்பொருள்கள் விட்டுப்போனவை. பல வகைகளைத் தானே பிரிக்கும் இலவச டீகோடரான எஃப்எஃப்டிஷோ எல்லாருக்கும் மேலே ff800001 என்ற மெரிட்டோடு உட்கார்ந்திருந்தது. அது எப்போதும் அப்படித்தான் பதியும். விண்டோஸின் சொந்த டீகோடர்களில் சில பாவம், 600000-இல் அடியில் கிடந்தன. சில வரிகளில் கோப்பின் பெயரே இல்லை. மென்பொருளை நீக்கிவிட்டார்கள், பதிவு மட்டும் நிற்கிறது.

அடுத்து, எந்தக் கோப்பு என்ன வகை என்று பார்க்க வேண்டும். ஏவிஐ என்பது பொதியின் பெயர்தானே தவிர உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. உள்ளே இருப்பதைச் சொல்வது ஃபோர்சிசி என்கிற நான்கெழுத்துக் குறி. ஜிஸ்பாட் என்ற சின்ன மென்பொருள் அதைக் காட்டிவிடும், மீடியாஇன்ஃபோவும் காட்டும். பார்த்ததில் நான்கு சாதி இருந்தது. விஎச்எஸ்ஸிலிருந்து கேப்சர் கார்டு ஏற்றியவை எம்ஜேபிஜி, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் தனியொரு ஜேபெக் படம். மினி டிவி (MiniDV) என்ற சிறிய டிஜிட்டல் கேமரா கேசட்டில் எடுத்துக் கேபிள் வழியாக ஏற்றியவை டிவிஎஸ்டி. டிவிடிக்காகத் தயாரித்தவை எம்பெக்-2. சீடிகளில் இருந்தவை விசிடி, அதாவது எம்பெக்-1.

தலைகீழாக ஓடியவை எம்ஜேபிஜி. அதில் இன்னொரு கோளாறும் இருந்தது, அண்ணாச்சி சொல்லாமல் விட்டது. கொடையின் மறுநாள் மஞ்சள் நீராட்டில் ஆட்களின் முகத்திலும் வேட்டியிலும் மஞ்சள் அப்பியிருக்கும். திரையில் அது அத்தனையும் வெளிர்நீலமாகத் தெரிந்தது. அம்மனுக்குச் சாத்திய சிவப்புப் பட்டு கருநீலம். பச்சை இலைகள் மட்டும் பச்சையாகவே இருந்தன. சிவப்பும் நீலமும் ஒன்றுக்கொன்று இடம் மாறி, பச்சை மாறாமல் நின்றால் இப்படித்தான் தெரியும். தலைகீழாவதற்கும் காரணம் அதே இடத்தில்தான் இருக்கிறது. விண்டோஸில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்தைக் குறிக்கும்) படங்கள் வழக்கமாகக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி அடுக்கப்படுகின்றன. வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கும், வீடியோவுக்கான ஒய்யுவி வகைகள் மேலிருந்து கீழ். ஒரு டீகோடர் ஆர்ஜிபி என்று சொல்லிவிட்டு வரிசையையும் நிற ஒழுங்கையும் தவறாகக் கொடுத்தால் படம் கவிழும், மஞ்சள் நீலமாகும். ஆக, யாரோ ஒருவர் எம்ஜேபிஜியைத் தவறாகப் பிரித்து ஆர்ஜிபியாக நீட்டுகிறார். யார் அவர்?

கிராஃப்ஸ்டுடியோ என்ற கருவியில் கோப்பை இழுத்துப் போட்டால் எந்தெந்த ஃபில்டர் கைகோத்து நிற்கிறது என்று பெட்டி பெட்டியாகப் படம் போட்டுக் காட்டும். போட்டேன். விண்டோஸின் ஏவிஐ ஸ்ப்ளிட்டருக்கும் ரெண்டரருக்கும் நடுவே, என்றோ நீக்கிய ஓர் எடிட்டிங் தொகுப்பின் டீகோடர் நின்றது. தொகுப்பு போய்விட்டது, டீகோடர் கோப்பும் பதிவும் போகவில்லை. எஃப்எஃப்டிஷோவின் மெரிட் இதைவிடப் பெரியதுதான், ஆனால் அதன் பட்டியலில் எம்ஜேபிஜி அணைத்து வைக்கப்பட்டிருந்ததால் அது ஒதுங்கிக்கொண்டது. விண்டோஸின் சொந்த எம்ஜேபெக் டீகோடருக்கு முறை வரவே இல்லை.

ரன் பெட்டியில் ரெக்எஸ்விஆர்32 கட்டளை, ஓர் இடைவெளி, சாய்கோடும் யு எழுத்தும், அப்புறம் அந்த டீகோடர் கோப்பின் முழுப் பாதை. பாதைக்குள் இடைவெளி இருந்தால் மேற்கோள்குறிக்குள் கொடுக்க வேண்டும். பதிவு நீங்கியது என்று செய்தி வந்தது. கோப்பை அழிக்கவில்லை, பெயரை மட்டும் மாற்றி வைத்தேன். தேவைப்பட்டால் அதே கட்டளையில் சாய்கோடும் யுவும் இல்லாமல் கொடுத்துத் திரும்பப் பதிந்துகொள்ளலாம். கிராஃப்ஸ்டுடியோவில் மறுபடி கோப்பைப் போட்டபோது விண்டோஸின் சொந்த டீகோடர் வந்து நின்றது. படம் நேராக நின்றது, பட்டு சிவந்தது, மஞ்சள் மஞ்சளானது. எடிட்டிங் மென்பொருளிலும் அப்படியே. அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குடமடிப்பவரின் பெயரையும் ஊரையும் சொல்லிக்கொண்டே பார்த்தார். சொன்னதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். கோப்பைக் காப்பாற்றினால் போதாது, யார் பாடுகிறார்கள், எந்தக் கோயில், எந்தக் கதை என்பதும் கூடவே போக வேண்டும்.

அனாதையாக நின்ற மற்றப் பதிவுகளை நீக்கக் கோடெக் ட்வீக் டூல் உதவியது. கே-லைட் என்ற கோடெக் தொகுப்போடு வருகிற கருவி அது, தனியாகவும் கிடைக்கும். கோப்பு இல்லாத பதிவுகளைத் தானே கண்டுபிடித்துக் காட்டும். கே-லைட் தொகுப்பு வேண்டும் என்கிறவர்கள் கவனிக்க: எக்ஸ்பிக்கான கடைசிப் பதிப்பு 13.8.5. அதற்கு மேற்பட்டதைப் போட்டுவிட்டு ஓடவில்லையே என்று தேட வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் பேக்குகளை எல்லாம் நீக்காமல் இதைப் போடவும் வேண்டாம்.

படமில்லாமல் சத்தம் மட்டும் வந்தவை எம்பெக்-2. எக்ஸ்பியில் எம்பெக்-2 டீகோடர் கிடையாது. வழக்கமாக டிவிடி டிரைவோடு வரும் மென்பொருள்தான் அதைக் கொண்டுவரும். இங்கே நின்ற இரண்டில் ஒன்று சோதனைப் பதிப்பு, காலம் முடிந்தது. மற்றொன்று தன் சொந்தப் பிளேயரைத் தவிர வேறெதற்கும் வேலை செய்யாது. காசு கொடுத்து வாங்கிய டீகோடர்களில் இது சகஜம். வேலையை ஒப்புக்கொள்வார்கள், செய்ய மாட்டார்கள். இரண்டையும் கன்ட்ரோல் பேனல் வழியாக முறையாக நீக்கிவிட்டு, எஃப்எஃப்டிஷோவின் கோடெக் பட்டியலில் எம்பெக்-2 வரிசையைத் திறந்து லிப்எம்பெக்2 என்ற டீகோடரைத் தேர்ந்தெடுத்தேன். படம் வந்துவிட்டது. இதற்கு நேர்மாறாகப் படம் வந்து சத்தம் வராத டிவிடி கோப்பு உங்களிடம் இருந்தால் பெரும்பாலும் ஏசி3 ஒலிதான் காரணம்; அதே எஃப்எஃப்டிஷோவின் ஆடியோ பகுதியில் ஏசி3-ஐ இயக்கினால் தீரும்.

கணினி முழுவதற்கும் மாற்றம் செய்யப் பயமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. மீடியா பிளேயர் கிளாசிக் ஹோம் சினிமாவில் வெளி ஃபில்டர்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஒரு ஃபில்டரைச் சேர்த்து, இதை விரும்பு என்றோ இதைத் தடு என்றோ சொல்லலாம். அந்தப் பிளேயருக்கு மட்டும் அது பொருந்தும், மற்ற மென்பொருள்களைத் தொடாது. சந்தேகப்படும் ஃபில்டரை நீக்குவதற்கு முன் ஒருமுறை இப்படித் தடுத்துப் பார்ப்பது நல்லது.

மினி டிவி கோப்புகள் மீடியா பிளேயரில் ஓடின, எடிட்டிங் மென்பொருளில் ஊமையாக இருந்தன. இதில் டைப் 1, டைப் 2 என்று இரண்டு வகை. டைப் 1-இல் கேமராவிலிருந்து வந்த படமும் ஒலியும் ஒரே ஓடையாகக் கிடக்கும். டைப் 2-இல் ஒலிக்குத் தனி ஓடையும் உண்டு. பழைய மென்பொருள்கள் தனி ஓடையைத்தான் தேடும். இல்லை என்றால் சத்தமில்லை என்று விட்டுவிடும். டைப் 1-ஐ டைப் 2-ஆக மாற்ற இலவசக் கருவிகள் உண்டு. படத்தை மறுபடி சுருக்காமல் பொதியை மட்டும் மாற்றுவதால் தரம் குறையாது. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி என்பதால் இடம்தான் பிரச்சினை. வெளி டிஸ்க்கை ஃபேட்32-இல் வைத்திருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது; என்டிஎஃப்எஸ் ஆக்கிக்கொள்ளுங்கள்.

சீடி விக்கியதற்கும் கோடெக்குக்கும் சம்பந்தமே இல்லை. இதைக் கோடெக் பிரச்சினை என்று நினைத்துத்தான் பாதி பேக்குகளை அந்தக் கணினியில் போட்டிருக்கிறார்கள். அதே விசிடியின் கோப்பை ஹார்டு டிஸ்க்கில் வைத்து ஓட்டினால் தடையில்லாமல் ஓடியது, சீடியிலிருந்து ஓட்டினால்தான் விக்கல். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துச் சீடியைப் படிக்கச் சொன்னால் பிராசசர் முழுக்க அடைத்துக்கொண்டது. டிவைஸ் மேனேஜரில் இரண்டாவது ஐடிஇ சேனலின் அமைப்புகளைப் பார்த்தேன். தற்போதைய முறை என்ற இடத்தில் பிஐஓ என்றிருந்தது.

எக்ஸ்பியில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவிலிருந்து படிக்கையில் நேரம் தவறியோ பிழையோடோ வந்தால் அதை எண்ணிக்கொண்டே வரும். மொத்தம் ஆறு ஆகிவிட்டால் டிஎம்ஏ முறையிலிருந்து இறங்கி, கடைசியில் பிஐஓவுக்கு வந்துவிடும். டிஎம்ஏவில் டிரைவ் நேராக நினைவகத்துக்குத் தரவை அனுப்பும். பிஐஓவில் ஒவ்வொரு துண்டையும் பிராசசர் கையால் எடுத்து வைக்க வேண்டும். இறங்கிய பின் தானாக ஏறாது. கீறல் விழுந்த சீடிகளைப் போட்டுப் போட்டு அந்த ஆறு என்றோ நிறைந்துவிட்டது. தீர்வு எளிது: டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி தொடங்கினால் விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் வைக்கும். ரிப்பன் கேபிளும் மடிப்பில் நைந்திருந்தது. நாகர்கோவிலில் பழைய சாமான் வைத்திருக்கும் ஒரு கடையில் 80 கம்பிக் கேபிள் கிடைத்தது, அதையும் மாற்றினேன். விக்கல் நின்றது.

ஆனால் விசிடிகளை இனிமேல் சீடியிலேயே வைத்திருக்கக் கூடாது. சாதாரண டேட்டா சீடியில் ஒரு செக்டாருக்கு 2048 பைட் தரவு, மிச்ச இடத்தில் பிழை திருத்தும் குறிகள். விசிடியின் பட செக்டார்களில் அந்தத் திருத்தக் குறிகளின் இடத்தையும் படமே எடுத்துக்கொண்டு 2324 பைட் ஆகிறது. அதனால்தான் சின்னக் கீறலுக்கும் கட்டம் கட்டமாக உடைகிறது. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை வேறு. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்து, விசிடியில் இருக்கும் டேட் (.dat) கோப்பை விசிடிகியர் என்ற கருவி கொண்டு எம்பிஜி ஆக்கி டிஸ்க்கில் சேர்த்தேன். சுற்றிச் சுற்றித் துடைத்தால் வட்டக் கீறல் விழும், அது ஒரே தடத்தில் நீளமாகத் தரவைத் தின்றுவிடும். சில சீடிகளை அந்த டிரைவ் படிக்கவே மறுத்தது. அவற்றை என் வீட்டு டிவிடி ரைட்டர் படித்தது. ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று எடுத்துவிடுவதுண்டு, எறிந்துவிடாதீர்கள்.

எனக்கு மனதுக்குப் பிடித்த வேலை ஒலியைப் பொருத்தியதுதான். எம்ஜேபிஜி கோப்புகளில் தொடக்கம் சரியாக இருந்தது, போகப் போகப் பாட்டு உதட்டோடு ஒட்டவில்லை. வில்லுப்பாட்டில் இதைச் சோதிக்க அருமையான அடையாளம் இருக்கிறது. புலவர் வீசுகோலை ஓங்கி வில்லின் நாணில் அடிக்கும் கணத்தில் மணிகள் குலுங்க வேண்டும். கோப்பின் முதல் நிமிடத்தில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். கோல் நாணைத் தொட்ட ஃபிரேமிலேயே ஒலி அலை எழும்பியது. 35 நிமிடக் கோப்பின் கடைசியில் கோல் நாணில் பட்டு, மறுபடி மேலே ஏறி நின்ற பிறகுதான் மணிச்சத்தம் வந்தது. முக்கால் விநாடி பின்தங்கியிருந்தது. நடுப்பகுதியில் பார்த்தால் ஏறக்குறைய அதில் பாதி.

தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவு பின்தங்கினால் ஃபில்டரில் தாமதம் என்று கொள்ளலாம். நடுவில் திடீரென்று ஒரே இடத்தில் தாவினால் அங்கே ஃபிரேம்கள் விழுந்துபோயிருக்கின்றன. இப்படி ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனால் கடிகாரம் வேறு என்று பொருள். படத்தை ஏற்றியது கேப்சர் கார்டு, ஒலியை ஏற்றியது சவுண்ட் கார்டு. இரண்டுக்கும் தனித்தனிப் படிகம். ஒன்றின் ஒரு விநாடி மற்றதன் ஒரு விநாடிக்குத் துல்லியமாகச் சமமில்லை. நிமிடக்கணக்கில் தெரியாத வித்தியாசம் அரை மணி நேரத்தில் உதட்டசைவைக் கெடுத்துவிடும்.

விர்ச்சுவல்டப் என்ற வீடியோ மென்பொருளில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. வீடியோ மெனுவில் ஃபிரேம் ரேட் பகுதிக்குப் போய், படமும் ஒலியும் ஒரே நீளமாக இருக்கும்படி மாற்று என்ற தேர்வைச் சொடுக்க வேண்டும். 25 ஆக இருந்தது 24.991 ஆனது. படத்துக்கும் ஒலிக்கும் நேரடி நகல் என்று வைத்துச் சேமித்தால் ஒரு ஃபிரேம்கூட மறுபடி சுருக்கப்படாது, தலைப்பில் எண் மட்டும் மாறும். சேமித்த கோப்பின் கடைசியை ஓட்டினேன். கோல் பட்டதும் மணி குலுங்கியது. உடுக்கைக்காரரின் விரலும் தோலும் ஒத்துப்போயின. தாளம் கற்றுக்கொள்கிற பையன்கள் பார்க்கப்போகிற பதிவு இது. அதில் கையும் சத்தமும் விலகி நின்றால் தப்பாகத்தான் கற்றுக்கொள்வார்கள்.

படம் 352×288 அளவில் ஏற்றப்பட்டிருந்ததால் சீப்புப் பல்போலத் தெரியும் கோடுகள் இல்லை. பால் (PAL) தொலைக்காட்சி முறையின் 576 வரிகளில் ஒரு ஃபீல்டை, அதாவது ஒன்றுவிட்டு ஒரு வரியை, மட்டும் எடுத்தால் 288. தெளிவு பாதி போயிற்று என்பது வருத்தம்தான். மூலக் கேசட் இருக்கிறவற்றை முழு அளவில் மறுபடி ஏற்ற வேண்டும்.

கரண்ட் போய் ஏற்றம் பாதியில் நின்ற கோப்புகள் சில இருந்தன. ஏவிஐயின் அட்டவணை கோப்பின் கடைசியில்தான் எழுதப்படும். பாதியில் நின்றால் அட்டவணை இல்லை, நகர்த்திப் பார்க்க முடியாது, சில பிளேயர் திறக்கவே மறுக்கும். விர்ச்சுவல்டப் திறக்கும்போதே அட்டவணையைத் திரும்பக் கட்டிக்கொள்கிறது. நேரடி நகலாகச் சேமித்துவிட்டால் போதும்.

புதிய கைபேசியில் எடுத்த எம்பி4 வீடியோக்களையும் யாரோ அந்தக் கணினியில் போட்டு வைத்திருந்தார்கள். 1080 அளவு எச்.264-ஐப் பென்டியம் 4 இழுக்காது. எந்த ஃபில்டரை மாற்றினாலும் இழுக்காது. அவற்றை அங்கிருந்து எடுத்துவிட்டேன்.

இப்போது டிஎக்ஸ்டயாக் பட்டியல் பழையதில் பாதிக்கும் குறைவு. அதன் அச்சுப் பிரதி ஒன்றைக் கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். எந்த வகைக்கு எந்த டீகோடர் என்றும் அதில் எழுதியிருக்கிறது. மூலக் கோப்புகள் மாற்றமில்லாமல் இரண்டு வெளி டிஸ்க்குகளில் இருக்கின்றன. ஒன்று அண்ணாச்சி வீட்டில், ஒன்று என்னிடம். குழுக்களுக்குக் கொடுப்பதற்கு எச்.264 நகல்களை என் மடிக்கணினியில் எஃப்எஃப்எம்பெக் கொண்டு தயாரித்தேன், கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அடுத்தது அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ள விஎச்எஸ் கேசட்டுகள். விசிபியின் ஹெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும், ரப்பர் பெல்ட் இளகியிருக்கிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பழைய விசிபிக்குப் பெல்ட் வைத்திருக்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.